அடுப்படிக்கு அடித்த நீலம்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது சமையலறையை இடித்துக்கொண்டிருப்பார்கள். இடிக்காவிட்டால் இடிப்பதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தலையெடுத்ததும் முதலில் அவர்கள் கண்ணை உறுத்துவது நாம் ஆயுசில் பாதியை வேகவைத்த அந்த அறைதான். "இதுக்குள்ள எப்டித்தான் சமைச்சீங்க" என்று கேட்பார்கள். கரிசனம் மாதிரி இருக்கும். உருகிவிடாதீர்கள். இடம் கைமாறப்போகிறது என்று நாசூக்காகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு மருமகள் வேலூரிலிருந்து மாடுலர் கிச்சன் கம்பெனிக்காரரை வரவழைத்தாள். சிரித்த முகம். கையில் விசிறி மாதிரி விரிகிற கலர் கார்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் அவரிடம் ஒரு பிரசங்கம் இருந்தது.

"ஆன்ட்டி, மஞ்சளும் ஆரஞ்சும் பசியத் தூண்டும். ஐவரி போட்டா எடம் பெருசாத் தெரியும். பச்சை போட்டா மனசுக்கு எதமா இருக்கும்."

"நீலம்?"

"நீலம் வேணாம் ஆன்ட்டி. பசிய அடக்கிடும். சோத்து மேல அந்த நெழல் பட்டாலே பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். கிச்சனுக்கு அத யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன். நீலமே போடுங்க" என்றேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். "அத்தை, நெஜமாவா?" என்றாள். இந்த வீட்டில் நான் எதற்கும் நிறம் சொன்னதில்லை. சொந்தக் கல்யாணப் புடவைக்கே சொன்னதில்லை. உள் அறையில் பெரியம்மா கட்டிலில் கிடந்தாள். பெரியம்மா என்றால் என் அப்பாவுடைய அண்ணன் மனைவி. எண்பதைத் தாண்டிவிட்டது. கால் விழுந்துவிட்டது, காது மட்டும் அவள் இஷ்டத்துக்குக் கேட்கும். நீலம் என்ற சொல் அங்கே போய் விழுந்ததா என்று தெரியவில்லை. ஏன் நீலம் என்று மருமகளிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

*

எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பி பள்ளிக்கூடத்தில் சேராத பிள்ளை. அம்மா இறந்துவிட்டிருந்தாள். ஆம்பூரில் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. பெரியப்பாவுக்கு டேனரியில் வேலை. தோலுக்குச் சாயம் ஏற்றுகிற பெரிய மர டிரம்களைப் பார்த்துக்கொள்வார். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர். பாசஞ்சரில் போவார், பாசஞ்சரில் வருவார், சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் காட்டுவார்.

பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. அம்மா போனதிலிருந்து தம்பியை அவள் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டுவதும் அவள், குளிப்பாட்டுவதும் அவள், ராத்திரி பக்கத்தில் போட்டுத் தட்டுவதும் அவள். என்னை அந்த அளவுக்குத் தூக்கியதில்லை. நான் வளர்ந்தவள், போதாததற்கு அம்மாவின் முகஜாடை எனக்கு.

அடுப்படி எப்படி இருக்கும் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பாது. டேனரியில் தோல் ஊறப்போட்ட மரப்பட்டையின் சக்கையை வெளியே கொட்டுவார்கள். அதை வாங்கி வந்து காயவைத்து எரிப்போம். விறகுக்கு விறகு மிச்சம். ஆனால் அந்தப் புகை ஒரு தினுசு. காரமும் புளிப்புமாகத் தொண்டையில் போய் உட்காரும். சுவர், ஓட்டுக்குக் கீழே இருந்த மரச்சட்டம், சன்னல் என்று பேர் பண்ணின ஒரு துவாரம், எல்லாம் தார் பூசியது போலக் கறுத்துக் கிடக்கும். விரலால் தொட்டால் பிசுக்கு. பகலில்கூட உள்ளே போய்க் கொஞ்சநேரம் நின்றால்தான் குண்டான் எங்கே, கரண்டி எங்கே என்று தெரியும். பெரியம்மாவுக்கு அந்த இருட்டு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு உப்பு எடுப்பாள். வேறு யாருக்கும் தெரியாத இருட்டு என்பதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

எங்கள் வீட்டில் நிறம் என்று பார்த்தால் பெரியப்பாவின் நகங்கள்தான். எத்தனை சோப்பு போட்டாலும் டிரம் சாயம் நகக்கண்ணிலிருந்து போகாது. சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் நானும் தம்பியும் போய்க் கையைப் பிடித்துப் பார்ப்போம். "இன்னிக்கு காப்பி." "இல்ல, செங்கல்." வெளிநாட்டில் எவனோ ஒருவன் எந்த நிறத்தில் செருப்பு கேட்டிருக்கிறான் என்பது எங்களுக்கு அவர் விரலில் தெரிந்துவிடும். அதிகம் பேசாத மனிதர். கையை மட்டும் நீட்டிக்கொண்டு சிரிப்பார்.

*

அந்த வருடம் ஆடி கழிந்து அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தி நெமிலிப் பக்கம். விவசாயக் குடும்பம். ஒல்லியாக, கொஞ்சம் முன்பல் தெரிய, என்னைவிட ஒரு பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவள். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும், ஓரத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளை எனாமல் தட்டு ஒன்றும் கொண்டுவந்தாள். அந்தத் தட்டில்தான் சாப்பிடுவாள். கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது அந்தக் கோட்டை ஒருமுறை முந்தானையால் துடைப்பாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே தட்டில் எனக்கும் பிசைந்து கொடுத்தாள். அம்மாவுக்குப் பிறகு அப்படி யாரும் கொடுத்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

வந்த புதிதிலேயே பெரியம்மா சமையலை அவளிடம் தள்ளிவிட்டாள். அந்த இருட்டில் அரிசி களைவது லேசா? சோற்றில் கல் வந்தது. பெரியப்பா பல்லில் கடிபட்டது. "நெமிலில கல்லும் சேத்துத்தான் ஆக்குவாங்களாட்டம் இருக்குது" என்றாள் பெரியம்மா. மறுநாள் சித்தி முறத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசலில் போய் உட்கார்ந்தாள். "எங்க வூட்டு அரிசிய ஊருக்கே காட்றியா" என்று பெரியம்மா முறத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பொறுக்கினால் கல், வெளியே பொறுக்கினால் குற்றம். சித்தி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. யோசிக்கிறவள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னாள். "சுண்ணாம்புல கொஞ்சம் நீலம் கலந்து அடிச்சிட்டா அடுப்படி வெளிச்சமா இருக்கும். எங்க வூட்ல அப்டித்தான். அந்த ஓட்டையில வர்ற வெளிச்சமே போதும், செவுரு வாங்கி வீசும்."

"அண்ணிய ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார் அப்பா. அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அப்பா எழுதிப்போட்டிருந்தார். கிடைத்ததும் சித்தியும் நானும் தம்பியும் ஜோலார்பேட்டைக்குப் போய்விடுவோம் என்று பேச்சு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியம்மா தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். அதனால் நீலம் கேட்கப்போனால் பெரிய பேஜார் ஆகும் என்றுதான் நான் நினைத்தேன். சித்தி அவள் முன்னால் போய் நின்றதும் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"குவார்ட்டர்ஸ் வர்ற வரைக்கும் கல்லு பொறுக்கவாச்சும் வெளிச்சம் வேணும்க்கா. நீலப்பொடி கொஞ்சம் வாங்கினா போதும்."

பெரியம்மா கத்தவில்லை. தம்பியின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"நீலப்பொடி எதுக்குடி? டிரம்முல போடற சாயம் நீலத்துல இருக்குது. உங்க மாமா எடுத்தாருவாரு. அதான் அழுத்தமா இருக்கும்."

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பெரியம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பெரியம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

*

சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சீறிக் கொதிப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அந்தச் சூடான வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பெரியப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த தூளைச் சித்தி ஒரு சிட்டிகை தூவினாள். வெள்ளைக்குள் ஒரு நீலப் புகை கிளம்பிச் சுழன்றது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தட்டை எடுத்துவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்து, கோட்டின் நிறம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கலந்தாள்.

முதலில் கரியைச் சுரண்டினோம். சிரட்டையால் நானும், பழைய தோசைத் திருப்பியால் அவளுமாக. மூக்கெல்லாம் கரி. பிறகு சுண்ணாம்பு மட்டையால் அடித்தாள். ஈரத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அழுக்குச் சாம்பலாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. "இரு கண்ணு, காயட்டும்" என்றாள். காயக் காய நிறம் எழுந்து வந்தது. சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் வானமாகிவிட்டது. துவாரத்தில் வந்த கொஞ்சம் வெயில் சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவியது. எங்கள் அடுப்படிக்கு மூலைகள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தம்பி கையைச் சாயத்தில் முக்கிச் சுவரின் அடியில் ஐந்து விரலையும் பதித்தான். சித்தி அவனைத் திட்டவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப கல்லு வரட்டும் பாக்கறேன்" என்றாள் என்னிடம். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது பெரியம்மா உள்ளே வந்தாள். அடுப்புக்கு மேல் பலகையில் இருந்த தன் மாங்காய் ஊறுகாய் ஜாடியை இறக்கினாள். பெரிய பீங்கான் ஜாடி, நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகராதது. அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். திரும்பி வந்து வடகம் போட்டு வைத்த டின்னை எடுத்தாள். உப்புப் பானையை எடுத்தாள்.

சித்தி பதறிப்போய்விட்டாள். பின்னாலேயே போனாள். "அக்கா, அங்கியே வைங்கக்கா. அது உங்க எடம்தான."

"இருக்கட்டும்டி. இனிமே அது உன் அடுப்படி."

"அண்ணிக்குக் கோவம்" என்றார் அப்பா என்னிடம் மெதுவாக. நாங்கள் எல்லோரும் அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். சித்தி போய் அவள் காலைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். ஜாடி திரும்பி வரவில்லை.

*

மழை வரும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. சோற்றில் கல் நின்றுவிட்டது. ரசம் ரசத்தின் நிறத்தில் இருப்பதையும் கீரை பச்சையாக இருப்பதையும் பார்த்துச் சமைக்க முடிந்தது. சித்தி பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டு வேலை செய்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியில் ஈரம், உள்ளே சோறு வேகிற ஆவி. முதலில் என் பாவாடையில் ஒரு நீலத் திட்டு வந்தது. பிறகு சித்தியின் முதுகில், பெரியப்பாவின் துண்டில். சுவரில் சாய்ந்தவர் எல்லோரும் அடையாளத்தோடு எழுந்தார்கள். அடுத்து சுவர் வேர்க்க ஆரம்பித்தது. நீலம் கோடு கோடாக வழிந்து தரையில் தேங்கியது. சித்தி காலையில் எழுந்ததும் துணியால் துடைப்பாள். துடைக்கத் துடைக்க இன்னும் வரும். அவள் உள்ளங்கை மருதாணிக்குப் பதில் நீலம் வைத்தது போல ஆகிவிட்டது.

"மாமா, இது நிக்கலியே" என்று பெரியப்பாவிடம் கேட்டாள்.

"காஞ்சா சரியாப் போயிடும்மா" என்றார் அவர், தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு.

குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். "இன்னாடி, உங்க வூட்டுக்குள்ளவே டிரம்மு ஓடுதாமே" என்று என்னைக் கேட்டார்கள். பெரியம்மா குடத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "புதுசா வந்தது ஆசப்பட்டுது. சாயம் இவ்ளோ சீக்கிரம் வெளுக்கும்னு யாரு கண்டா." எல்லோருக்கும் அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தீபாவளி வந்து போனது. பெரியம்மா தன் அறையில் பலகாரத்தை ஒளித்துவைத்து, தம்பிக்கு மட்டும் வேளைக்கு வேளை கொடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்த பிறகும் கொடுத்தாள். ஆசைதான், வேறொன்றுமில்லை.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. ஓட்டில் எங்கேயோ ஒழுகி, தண்ணீர் சுவரோடு இறங்கி, பலகையில் வழிந்து, வடித்துத் திறந்து வைத்திருந்த சோற்றுக் குண்டானில் சொட்டியிருக்கிறது. மேலே இருந்த சோற்றை எடுத்துச் சித்தி தம்பிக்குப் போட்டாள். ஓரத்தில் லேசான நீலம் அவளுக்குத் தெரியவில்லை. வானம் இருண்டிருந்தது, சுவரும் நீலம், அவள் கையும் நீலம். அவன் நாலு வாய் தின்றான். வாந்தி எடுத்தான். எடுத்ததில் பலகாரம் இருந்தது, சோறு இருந்தது, நீலமும் இருந்தது.

பெரியம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. குண்டானைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"பாருங்க. புள்ளைக்குத் துத்தம் வச்சிட்டா. நெல்லு வயலுக்கு அடிக்கிற நீல மருந்து, மயில்துத்தம். அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்குது."

யாரோ ஒருத்தி, "சாயம்தான் ஒழுவுதே, அதுவா இருக்கும்" என்றாள்.

"அதுக்குத்தானே நீலம் கேட்டா. நீலத்துல நீலத்தக் கலந்தா யாருக்குத் தெரியும்? வந்த அன்னிக்கே யோசிச்சு வச்சிருக்கா பாரு."

அவ்வளவுதான். அதைக் கேட்டதும் கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. பொய் என்றாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பெரியப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். திரும்பி வரும்போது அப்பாவும் கூட வந்தார், ரயிலிலிருந்து இறங்கி வந்தவர், கையில் காலி டிபன் கேரியர். தம்பி பெரியப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லியாம். விஷம் எதுவும் இல்லன்னாரு. கண்டதத் துன்னிருக்கான்னு சொல்லி மருந்து குடுத்தாரு" என்றார் பெரியப்பா.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? துத்தம் மெல்லத்தான் வேல செய்யும்" என்றாள் பெரியம்மா. குண்டானைச் சித்தியின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் அந்த எனாமல் தட்டையும் வைத்தாள். "விஷம் இல்லல்ல? உன் கையால ஆக்கினதுதான? துன்னு. பூரா துன்னு."

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிபன் கேரியரின் மூடியைத் திறந்து மூடினார். நான் இன்றைக்கும் சொல்கிறேன், ஊரே நல்லவர் என்று சொன்ன மனிதர் அவர். அந்த நல்லதனம் அன்றைக்கு ஒரு வார்த்தைக்குக்கூட ஆகவில்லை. பெரியப்பாவாவது பேசியிருக்கலாம். அது என்ன தூள், அது ஏன் வழிகிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளையை உள்ளே படுக்கவைக்கிறேன் என்று போனவர் வெளியே வரவில்லை.

சித்தி வாசலில் உட்கார்ந்து தின்றாள். குழம்பு கிடையாது, மோர் கிடையாது, வெறும் சோறு. ஐந்து பேருக்கு வடித்த சோறு. மழை நின்றிருந்தது, ஆனால் ஓட்டுச் சொட்டு அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. தட்டில் போட்டுப் போட்டுத் தின்றாள். நடுவில் குமட்டியது, கையால் வாயை அழுத்திக்கொண்டு விழுங்கினாள். உதடு நீலமானது, பல் நீலமானது. நின்றவர்கள் நின்றபடி பார்த்தார்கள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா சொம்பை வாங்கிக் கீழே ஊற்றினாள். குண்டானின் அடி தெரிகிற வரைக்கும் தின்றுவிட்டு, "போதுங்களாக்கா" என்று சித்தி கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் குண்டானைக் கழுவினாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? "பழகின ஒடம்பு, அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் பெரியம்மா. அதையும் நம்பினார்கள். செத்திருந்தால் குற்றவாளி, சாகாததால் இன்னும் பெரிய குற்றவாளி.

மறுநாள் காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் அவர் சாகும்வரைக்கும் முடியவில்லை. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினேன். சித்தி திரும்பி, கையால் போ போ என்று காட்டினாள். நீலக் கை. தட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பெரியம்மா கோழிக்குத் தவிடு கரைத்து வைக்க எடுத்துக்கொண்டாள். எனாமல் பெயர்ந்து, துருவேறி, ஒரு நாள் குப்பைக்குப் போயிற்று. குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது அப்பா வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். தம்பி பெரியம்மாவின் இடுப்பிலேயே இருந்தான்.

அடுப்படிக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தார்கள். நீலம் மேலே வந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. கடைசியில் பட்டைப் புகைதான் அதை மூடியது. ஊறுகாய் ஜாடி பழைய பலகைக்குத் திரும்பி வந்தது.

*

நான் பெரியவளாகி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். நம்மில் பாதிப்பேர் அங்கேதானே முதுகை ஒடித்துக்கொண்டோம். அங்கே போன பிறகுதான் எனக்கு விளங்கியது. டிரம்மில் போடுகிற தூள் வெந்நீரில் கரைவதற்கென்றே செய்தது. தோல் அதைக் குடித்துக்கொள்ளும், சுவர் குடிக்காது. தோலுக்கு மேலே தெளித்து அடிக்கிற நிறம் வேறு. அது டப்பாவில் கூழாக, ஒட்டுகிற பசையோடு வரும். அது எதில் அடித்தாலும் நிற்கும். பெரியப்பா இரண்டு பிரிவிலும் வேலை பார்த்தவர். தெரியாமல் செய்தார் என்று சொன்னால் டேனரிச் சுவரே சிரிக்கும். ஆனால் செய்யச் சொன்னவள் தெரிந்து சொன்னாளா? கேட்கலாம் என்று நினைத்தபோது பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மாவைக் கேட்டேன். "சாயத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நான் அடுப்படியில கெடந்தவ" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

என் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் நெமிலிக்குப் போனேன். சித்தி அண்ணன் வீட்டில் இருந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. யார் என்று சொன்னதும் என்னைத் தொடாமல் தள்ளியே நின்றாள்.

"தம்பிக்கு வயிறு சரியாப்போச்சா கண்ணு?" என்றாள்.

துத்தம் மெல்லத்தான் வேலை செய்யும் என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு போனவளுக்கு, அத்தனை வருடத்தில் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாகூடச் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்படி கரி பிடித்துக் கிடந்தது. "வெள்ள அடிக்கலியா சித்தி" என்று கேட்டேன். "எதுக்கு" என்றாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவும் இல்லை.

தம்பி சென்னையில் இருக்கிறான். "பெரிம்மாதான் எனக்கு அம்மா" என்று போனில் அடிக்கடி சொல்வான். ஃபிளாட் சின்னது என்பதால் அந்த அம்மா என் வீட்டில் இருக்கிறாள். சித்தி என்று ஒருத்தி இருந்தாளா என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை.

*

சமையலறை வேலை முடிந்தது. கீழே அலமாரிக் கதவுகள், அவர்கள் பாஷையில் ஷட்டர், முழுக்க நீலம், மேலே வெள்ளை, மேடைக்கு வெளுத்த கல். கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நான் நெனைக்கல ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்குது" என்றார். மருமகள் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள். அந்தத் தட்டின் கோட்டுக்குப் பக்கத்தில் வருகிற நீலத்தைத்தான் நான் கார்டில் தேடி எடுத்திருந்தேன்.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து நீல ஷட்டருக்கு எதிரே நிறுத்தினேன். மடியில் தட்டை வைத்தேன். அந்த எனாமல் தட்டு இருந்திருந்தால் அதில்தான் போட்டிருப்பேன். எவர்சில்வர்தான். சோறு, பருப்பு, ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். ஊறுகாய் இல்லாமல் அவளுக்கு இன்றைக்கும் இறங்காது.

ஷட்டரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது அவ கேட்ட கலரு" என்றாள்.

சித்தி போனதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் அவளைப் பற்றித் தானாக வந்த முதல் பேச்சு அது. நான் குனிந்து அவள் நல்ல காதுப் பக்கம் போனேன்.

"பெரிம்மா, அன்னிக்குச் சித்தி சுண்ணாம்பு அடிச்சதுமே ஊறுகா ஜாடியத் தூக்கிக்கினு போனியே. ஏன்?"

மறுப்பாள் என்று நினைத்தேன். காது கேட்காதவள் போல இருப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் ஊறுகாயை விரலால் சோற்றில் தடவிக்கொண்டாள்.

"அந்த வருசம் நல்ல மாங்கா" என்றாள். "அங்கியே வச்சிருந்தா மழைக்குச் சாயம் எறங்கி பூரா வீணாப் போயிருக்கும்."

சொல்லிவிட்டு ஒரு வாய் வைத்துக்கொண்டாள். நிதானமாக மென்றாள். இன்னும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"போதும்டி. உள்ள கூட்டிக்கினு போ."

நான் தட்டை எடுத்து இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டேன். பருப்பு ஊற்றவில்லை, ஊறுகாய் வைக்கவில்லை. மறுபடி அவள் மடியில் வைத்தேன். நாற்காலியை முன்னால் தள்ளினேன், அவள் முட்டி ஷட்டரில் இடிக்கிற வரைக்கும், நீலத்தைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படாதபடி.

"பூரா துன்னு பெரிம்மா" என்றேன்.